கிள்ளான் துறைமுகத்தின் வெள்ளோட்டம்

புதிதாகச் செய்த தேரை நேரே திருவிழாவுக்கு இழுத்துச் செல்லும் வழக்கம் இல்லை. விழாவுக்கு முன்னரே ஒரு நாள் குறித்து, மூர்த்தியை எழுந்தருளச் செய்யாமல், வெறுந்தேரை வீதியில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பர். அச்சு பாரத்தைத் தாங்குகிறதா, சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கிறதா, திருப்பத்தில் முட்டுக்கட்டை பிடிக்கிறதா, வீதியின் மண் அமிழாமல் நிற்கிறதா என்று தச்சரும் கொல்லரும் உடன் நடந்து கவனிப்பர். இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். புதுக் கப்பலை முதன்முதல் நீரில் செலுத்திப் பார்ப்பதற்கும் தமிழில் இச்சொல்லே வழங்குகிறது. ஆண்டுதோறும் தைப்பூசத்தையொட்டிப் பத்துமலைக்கு வெள்ளித்தேர் செல்லும் நாட்டில் இச்சொல்லுக்கு நீண்ட உரை வேண்டுவதில்லை.

இக்காலக் கட்டடக் கலையிலும் இவ்வாறான முறையொன்று உண்டு. அதன் ஆங்கிலப் பெயர் கப்பற்படையிலிருந்து வந்ததாகும். கட்டி முடித்த போர்க்கப்பலைப் பலவாறு சோதித்து, மாலுமிகளை அமர்த்திப் பணிக்கு ஏற்றுக்கொள்ளும் முறையைப் பிற்காலத்தார் நிலத்திலுள்ள கட்டடங்களுக்கும் பொருத்தினர். அமெரிக்க வெப்ப, குளிர்சாதனப் பொறியாளர் கழகம் 1989இல் இதற்கென ஒரு வழிகாட்டி ஏட்டினை வெளியிட்டது. கட்டடத்தின் குழாய், மின்விசை, காற்றோட்டம், குளிரூட்டல் ஆகிய ஒவ்வொன்றும் வரைபடத்தில் எண்ணியபடியே இயங்குகின்றனவா என்று ஓட்டிப் பார்த்து, அளந்து, எழுதி வைத்து, நாளும் அவற்றை இயக்கப்போகும் ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்து ஒப்படைப்பதே இதன் சாரம். இதனைத் தமிழில் வெள்ளோட்டம் என்று அழைப்பதில் தடையேதும் இல்லை. பலர் இதனைத் திறப்பு விழாவோடு சேர்த்து எண்ணிவிடுகின்றனர். திறப்பு விழா ஒரு நாளில் முடிவது. வெள்ளோட்டமோ சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் நடப்பது. இவ்விரண்டும் மாறிப்போனால் என்ன நேரும் என்பதற்குக் கோலாலம்பூருக்கு அண்மையிலேயே தெளிவான சான்று இருக்கின்றது. இன்று போர்ட் கிள்ளான் என்றும், 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹம் என்றும் பெயர் பெற்ற துறைமுகமே அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிலாங்கூரின் துறை கிள்ளான் ஆற்றுக்குள், கடலிலிருந்து ஏறத்தாழ 12 மைல் தொலைவில் இருந்தது. ஆறு வளைந்து வளைந்து செல்வது, ஆழமும் குறைவு. 13 அடிக்கு மேல் நீரில் அமிழும் கப்பல்கள் அங்கு வர இயலவில்லை. கோலாலம்பூரிலிருந்து போட்ட இரயில் பாதை 1886இல் புக்கிட் கூடா வரையிலும், ஆற்றின் மேல் பாலம் அமைந்தபின் 1890இல் கிள்ளான் வரையிலும் வந்தது. ஈயமும் காப்பியும், பின்னர் இரப்பரும் பெருகப் பெருக ஆற்றுத்துறை போதாதாயிற்று. ஆகவே ஆற்றின் முகத்துவாரத்தில், எதிரேயுள்ள தீவுகள் அலையை மறிக்கும் அமைதியான நீரோட்டத்தை ஒட்டி, புதிய துறைமுகம் கட்டத் தீர்மானித்தனர். 1899இல் இரயில் பாதை அங்கே சென்று சேர்ந்தது. 1901 செப்டம்பர் 15ஆம் நாள் துறைமுகம் முறையாகத் திறக்கப்பெற்றது. இவ்விடத்தைத் தேர்ந்தவரான சர் பிராங்க் சுவெட்டன்ஹம் அவர்களின் பெயரே அதற்கு இடப்பட்டது.

கப்பல் போக்குவரத்தின் நோக்கில் இடத்தேர்வு குறையற்றது. நீர் ஆழம், காற்று மறைவு, இரயில் இணைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்திருந்தன. ஆனால் ஊழியர்கள் குடியிருக்க வேண்டிய நிலம் எப்படிப்பட்டது? அது கண்டற்காடு. பேரலை நாட்களில் கடல்நீர் ஏறி மூடுவதும், வற்றும்போது மரவேர்களின் இடையிலும் காட்டின் ஓரத்திலும் நீர் தேங்குவதுமான சேற்று நிலம். அந்நிலத்தின்மீது கொட்டகைகளும், அலுவலகமும், குடியிருப்புகளும் எழும்பின. அங்கு மனிதன் உயிரோடு வாழ முடியுமா என்பதை எவரும் முன்கூட்டிச் சோதித்துப் பார்க்கவில்லை.

அச்சோதனை தானாகவே நடந்தது. திறப்பு விழா முடிந்து இரண்டு திங்களுக்குள் மலேரியாக் காய்ச்சல் பரவியது. ஆண்டு முடிவதற்குள் அரசாங்க ஊழியருள் பாதிக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். இரயில் நிலையத்திலும் கிடங்கிலும் வேலை செய்ய ஆளில்லை. பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய துறைமுகத்தை மூடிவிட வேண்டியதுதான் என்ற நிலை வந்துற்றது. மூட்டை தூக்கியவர்களிலும் இரயில் பாதையில் உழைத்தவர்களிலும் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள் மிகுதி என்பதை நினைவிற் கொண்டால், அந்தக் காய்ச்சல் எந்தெந்தக் குடும்பங்களைத் தீண்டியிருக்கும் என்பது விளங்கும்.

நல்ல வேளையாக, நோயின் காரணம் அப்போது புலப்பட்டிருந்தது. 1897 ஆகஸ்டில் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தார். கண்டுபிடிப்பு வெளிவந்து நான்கே ஆண்டுகள். அதனைக் கொண்டு ஒரு நகரத்தைக் காக்க முடியுமா என்பது உலகில் இன்னும் தெளிவாகாத காலம். 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், ஸ்காட்லாந்துக்காரர்; முப்பது வயது நிரம்பாதவர். கிள்ளான் நகரின் சதுப்புகளை வடிக்கும் வேலையை அவர் முன்னரே வற்புறுத்தி வந்தார். துறைமுகத்தில் நோய் வெடித்ததும், சிலாங்கூர் மருத்துவத் தலைவராயிருந்த டாக்டர் டிராவர்ஸ் துணைநிற்க, அதே வேலை அங்கும் தொடங்கப்பெற்றது.

செய்த வேலை எளிமையானது, ஆயினும் நுட்பமானது. துறைமுகத்தைச் சூழ்ந்த ஏறத்தாழ 110 ஏக்கர் நிலத்தில் காடு வெட்டப்பட்டது. கடல்நீர் ஏறாதபடி சுற்றிலும் மண்ணால் கரை எழுப்பினர். கரைக்கு உள்ளே விழும் மழைநீர் வெளியேறக் கால்வாய்கள் தோண்டினர். பள்ளங்களை மண்ணிட்டு நிரப்பினர். கிள்ளான் கடற்கரையில் பேரலை நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு நான்கு மீட்டருக்கு மேல் போகும். ஆதலால், இத்தகைய நிலத்தில் கரையின் வாயிலில் அமைக்கும் மதகு, கடல் ஏறும்போது மூடிக்கொண்டும், வற்றும்போது திறந்துகொண்டும் இயங்க வேண்டும். மழை பெய்யும் நேரமும் கடல் ஏறும் நேரமும் ஒன்றாக வாய்த்தால், மதகு திறக்கும் வரையில் அந்நீர் முழுவதையும் கால்வாயே தாங்க வேண்டும். காவிரிக் கழிமுகத்து உழவர்களுக்கு இக்கணக்குப் புதிதன்று.

வாட்சன் செய்தவற்றுள் சிறந்தது இக்கால்வாய் வேலை என்று பலர் கருதுவர். அதனினும் சிறந்தது அவர் எழுதி வைத்த கணக்கு. கால்வாய் வெட்டியாயிற்று, வேலை முடிந்தது என்று அவர் சொல்லவில்லை. வெட்டியது பயன் தந்ததா என்று ஐந்தாண்டுகள் அளந்துகொண்டே இருந்தார். கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் 1901இல் 334 பேர், 1902இல் 129, 1903இல் 48, 1904இல் 28, 1905இல் 12. துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் 1901இல் 188 பேர். பின்னர் முறையே 70, 21, 4, 11. காய்ச்சலால் இவ்விரண்டு இடங்களிலும் இறந்தவர்கள் 1901இல் 368. அடுத்த ஆண்டில் 59.

இவ்வளவோடு நின்றிருந்தால், அந்த ஆண்டுகளில் நோய் இயல்பாகவே தணிந்திருக்கக் கூடும் என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்துக்கு இடமில்லாதபடி வாட்சன் மூன்றாவது வரிசையொன்றையும் சேர்த்தார். கால்வாய் வேலை நடைபெறாத மாவட்டத்தின் ஏனைய பகுதிகளிலிருந்து வந்த நோயாளிகளின் எண்ணிக்கை அது. 1901இல் 197; பிறகு 204, 150, 266, 353. தோட்டங்கள் விரிந்து ஆட்கள் பெருகியதும் இவ்வேற்றத்துக்கு ஒரு காரணமாகலாம். ஆயினும், ஒரே மழை, ஒரே வெயில், ஒரே மருத்துவமனை. இரண்டு வரிசைகள் இறங்க, மூன்றாவது ஏறுகிறது. கொசு அங்கு ஓயவில்லை. இங்கு மட்டும் ஓய்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மருத்துவமனைக்கு வராத நோயாளிகள் இருப்பர் என்ற ஐயத்தையும் அவர் விடவில்லை. குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தார். வேலைக்காகப் புதிதாக வந்த பெரியவர்கள் நோயை வேறிடத்திலிருந்து கொண்டுவந்திருக்கலாம். அவ்வூரிலேயே வளரும் குழந்தையோ பெரும்பாலும் அவ்வூரின் கொசுவினாலேயே நோயுறும். 1904இன் இறுதியில் கிள்ளானில் பார்த்த 173 குழந்தைகளில் ஒன்றுக்கும், துறைமுகத்தில் பார்த்த 87 குழந்தைகளில் ஒன்றுக்குமே கிருமி இருந்தது. மாவட்டத்தின் ஏனைய பகுதிகளில் பார்த்த 298 குழந்தைகளில் 101 பேருக்கு இருந்தது. மறு ஆண்டு துறைமுகத்தில் 76 குழந்தைகளைச் சோதித்ததில் ஒன்றுக்கும் இல்லை. ஊழியர்கள் மலேரியாவுக்காக எடுத்த விடுமுறை நாட்களும் இக்கணக்கில் உண்டு. 1901இல் 1,026 நாட்கள், 1905இல் 30. துறைமுக நிர்வாகம் கண் திறந்து பார்த்தது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கணக்கைத்தான் என்று நினைக்க இடமுண்டு.

வெள்ளோட்டத்தின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. எது நடந்தால் வெற்றி என்பதை முன்னரே வரையறுத்தல், வேலைக்கு முன்னும் பின்னும் அளத்தல், வேலை நடவாத இடத்தோடு ஒப்பிடுதல், கட்டியவனின் சொல்லை நம்பாமல் குடியிருப்பவனின் உடலைப் பார்த்தல் ஆகியவை அவை. இவற்றைச் செய்தவர் பொறியாளர் அல்லர், மருத்துவர் என்பதும் கவனிக்கத்தக்கது.

ஓரிடத்தில் தேறிய முறை மற்றோரிடத்தில் தேறும் என்று நம்பிவிடக் கூடாது என்பதையும் வாட்சனே கண்டுரைத்தார். கடலோரச் சதுப்பின் கொசு அனாபிலிஸ் அம்புரோசஸ். அது காட்டு நிழலில் தேங்கிய நீரை நாடுவது. காட்டை வெட்டி வெயில் விழச் செய்து நீரை வடித்தால் அது அழிந்துபோகும். இதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் கையாண்டபோது, குறைய வேண்டிய காய்ச்சல் பெருகியது. காரணம் வேறொரு கொசு. அனாபிலிஸ் மாகுலேட்டஸ் எனப்படும் அது, வெயில் படும் தெளிந்த ஓடையிலேதான் முட்டையிடும். ஓடைக்கரை மரங்களை வெட்டியவர்கள் அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தவர்களாயினர். பின்னர் ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தியும், எண்ணெய் தெளித்தும் அதனை ஒடுக்க வேண்டியதாயிற்று. கடலோரத்திலும் ஓர் ஆபத்து உண்டு. கரை உடைந்து, கடல்நீரும் மழைநீரும் கலந்து வெயிலில் கிடந்தால், அந்த உவர்நீரை விரும்பும் அனாபிலிஸ் சுண்டைக்கஸ் வந்து சேரும். அரைகுறையாகப் பேணிய கரை, கரையே இல்லாததினும் கேடாய் முடிவதும் உண்டு.

அந்நாளில் எதிரியெனக் கருதி வெட்டிய கண்டற்காட்டைப் பற்றிய கருத்து இன்று மாறிவிட்டது. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தில் கண்ட கண்டல்தான் மலாயில் பாக்காவ் எனப்படுகிறது. தமிழ்நாட்டுக் கடற்கரையார் அதற்கு இட்ட மற்றொரு பெயர் அலையாத்தி. அலையை ஆற்றுவது என்ற பொருள் தோன்ற வழங்குவது. அலையின் வேகத்தைத் தணிப்பது, கரையை அரிக்காமல் காப்பது, மீன்குஞ்சுகளுக்குப் புகலிடமாவது, கரியைச் சேற்றில் பிடித்து வைப்பது ஆகிய அதன் பயன்களை அறிவியல் இன்று அளந்து கூறுகிறது. 1902இல் 110 ஏக்கர் காட்டை வெட்டியது உயிர்காக்க நேர்ந்த செயல். அதே அளவுகோலால் இன்றைய விரிவுப் பணிகளில் காடு வெட்டுவதை நியாயப்படுத்த முடியாது.

விரிவுப் பணிகளுக்கோ குறைவில்லை. இரயில்வேயின் பொறுப்பிலிருந்த துறைமுகம் 1963இல் தனி ஆணையத்தின் கீழ் வந்தது. வடக்குத் துறை எழுந்தது. 1973இல் சரக்குப் பெட்டகங்களைக் கையாளும் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1990களில் புலாவ் லூமுட் என முன்னர் அழைக்கப்பட்ட புலாவ் இண்டா தீவில் மேற்குத் துறை உருவாயிற்று. அத்துறையின் ஆண்டுத் திறனை 1 கோடியே 40 இலட்சம் இருபதடிப் பெட்டக அளவிலிருந்து 2 கோடியே 70 இலட்சமாக உயர்த்தும் புதிய விரிவுத் திட்டமும் மேற்கொள்ளப்பட்டுள்ளது. கேரித் தீவில் மூன்றாவது துறைமுகம் அமைக்கும் யோசனையும் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. மா மெரி என்னும் பழங்குடியினரின் ஊர்கள் உள்ள தீவு அது.

இவை அனைத்துக்கும் அடியில் கிடப்பது ஒரே மண். பொறியாளர்கள் கிள்ளான் களிமண் என்று தனிப்பெயரிட்டு ஆராயும் மென்மையான கடற்களிமண், பல இடங்களில் இருபது மீட்டருக்கும் மேல் ஆழம் செல்கிறது. நீர் நிறைந்த அந்தச் சேற்றின்மேல் பாரம் ஏற்றினால், நீர் மெல்லக் கசிந்து வெளியேற, நிலம் ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்துகொண்டே இருக்கும். இதனை விரைவுபடுத்த, மண்ணுக்குள் செங்குத்தாக மெல்லிய வடிகால் பட்டைகளை நெருக்கமாகச் செருகி, மேலே மண்மேடு குவித்து அழுத்துவர். நீர் பட்டை வழியே ஏறி வெளியேறும். வாட்சன் கிடையாக வெட்டிய கால்வாய் இன்று நெடுக்காக மண்ணுள் இறங்கியிருக்கிறது என்றே சொல்லலாம். எத்தனை அங்குலம் அமிழ்ந்தது, உள்ளே நீரழுத்தம் எவ்வளவு குறைந்தது என்று கருவிகள் வைத்து அளந்து, வரையறுத்த அளவுக்கு வந்த பின்னரே மேட்டை அகற்றிக் கட்டத் தொடங்க வேண்டும். தவணை நெருங்கியதென்று முன்னரே அகற்றினால், கட்டடம் ஆழமான தூண்களின்மேல் அசையாமல் நிற்க, சுற்றியுள்ள முற்றம் மட்டும் தாழும். வாசற்படிக்கும் தரைக்கும் இடையே வெடிப்புத் தோன்றும். கழிவுநீர்க் குழாய் இணைப்பில் முறியும். சதுப்பின்மேல் அவசரமாகக் கட்டிய இடங்களில் இக்காட்சி அரிதன்று.

மண் தேறினாலும் கட்டடம் தேறிவிட்டதாகாது. துறைமுகத்தில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வரைபடத்தில் அதன் கதவு ஒரு மணிக்குச் சில தடவைதான் திறக்கும். நடைமுறையில் லாரிகள் வரிசையாக நிற்க, கதவு திறந்தபடியே கிடக்கும். ஈரம் நிறைந்த வெளிக்காற்று புகுந்து, குளிர்க்குழாயில் உறைந்து படியும். இயந்திரம் இரட்டிப்பு மின்சாரம் தின்று பாதிக் குளிரே தரும். வெளிச்சத்துக்கு ஏற்ப விளக்கை அணைக்கும் உணர்கருவியை எந்நேரமும் நிழல் விழும் மூலையில் பொருத்தினால், நண்பகலிலும் விளக்குகள் எரியும். கடற்காற்றின் உப்பு, மாடியிலுள்ள இயந்திரத் தகடுகளை அரித்துக்கொண்டிருக்கும். இக்குறைகளில் ஒன்றும் திறப்பு விழா நாளில் கண்ணுக்குத் தெரியாது. சரக்கு நிறைந்த நாளிலும், குறைந்த நாளிலும், மழைப் பருவத்திலும் ஓட்டிப் பார்த்தால்தான் வெளிப்படும்.

கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுக்கும் ஏற்பாடும் இத்தகையதே. துறையில் நிற்கும் கப்பல் தன் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கரை மின்சாரத்தைப் பெற்றால் புகையும் ஓசையும் குறையும். ஆனால் மலேசியாவின் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி உடையது. கடலோடும் கப்பல்களில் மிகப் பல 60 சுழற்சியில் இயங்குபவை. இடையே மாற்றுக் கருவி வேண்டும். அதனை உண்மையான கப்பல் ஒன்றோடு பொருத்திப் பார்க்கும் வரையில் அந்த ஏற்பாடு தாளில் உள்ள ஏற்பாடுதான்.

மலேசியாவில் 2009இல் தொடங்கிய பசுமைக் கட்டடக் குறியீடு இவ்வேறுபாட்டை உணர்ந்து அமைக்கப்பெற்றது எனலாம். வரைபடத்தைப் பார்த்து முதலில் அது தருவது தற்காலிகச் சான்றிதழ். கட்டி முடித்தபின் நேரில் சரிபார்த்தே இறுதிச் சான்றிதழ் தருகின்றனர். அதுவும் மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுசோதனைக்கு உட்பட்டது. செய்தித்தாள்களில் படத்தோடு வெளிவருவது பெரும்பாலும் முதற்சான்றிதழ். மூன்றாண்டு கழித்து அதே கட்டடத்தின் மின்கணக்கு என்னவாயிற்று என்று கேட்டு எழுதுவோர் குறைவு. கட்டடத்தை இயக்குவோருக்கான கையேடும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சாகி அலுவலக அலமாரியில் இருக்கும். மதகைத் திறப்பவரும் குளிர் இயந்திரத்தைக் காப்பவரும் மலாயோ தமிழோ வங்காளமோ பேசுபவராக இருப்பர்.

வாட்சன் விட்டுச்சென்ற கணக்கில் செலவுப் பகுதியும் உண்டு. 1905 முடிய போர்ட் சுவெட்டன்ஹமில் கட்டுமானத்துக்குச் செலவானது 7,000 பவுன். அதன் கீழே, தனி வரிகளாக, மண் கால்வாய்களைத் தூர்வார ஆண்டுக்கு 40 பவுனும், நிலத்தைச் செப்பமாக வைத்திருக்கும் தோட்டக்காரர்களுக்கு ஆண்டுக்கு 100 பவுனும் குறிக்கப்பட்டுள்ளன.